கையெழுத்து உங்களுடையது, சம்மதம் வீட்டாருடையது

கேள்வி: எனக்கு 63 வயது. குரோம்பேட்டை ராதா நகரில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். மகன் டல்லாஸில், மகள் பெங்களூருவில். உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆனால் பல வருடங்களாகச் சர்க்கரை. கண்புரை ஆபரேஷனும் ஆகிவிட்டது. என்னை எடுத்துக்கொள்வார்களா? எங்கே போய்ப் பதிய வேண்டும்?

பதில்: எங்கும் அலைய வேண்டாம் ஐயா. ஆதாரோடு இணைத்த செல்போன் கையில் இருந்தால் போதும். மத்திய அரசின் ‘நோட்டோ’ இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டு, எந்தெந்த உறுப்பு, எந்தெந்தத் திசு என்று குறித்தால் அட்டை வந்துவிடும். தமிழக அரசின் ‘டிரான்ஸ்டான்’ ஆணையம் வழியாகவும் பதியலாம். 18 வயது நிரம்பினால் போதும், மேல் வயது வரம்பு இல்லை. கட்டணமும் இல்லை. மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம்.

சர்க்கரையோ கண்புரை ஆபரேஷனோ பதிவுக்குத் தடையில்லை. எது பயன்படும் என்பதை அந்த நேரத்தில் டாக்டர்கள் பரிசோதித்துச் சொல்வார்கள். நீங்களாகவே உங்களைக் கழித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அட்டை வாங்கியதோடு வேலை முடியவில்லை. உங்கள் விருப்பம் நிறைவேறுவது உங்கள் வீட்டாரின் கையில்தான் இருக்கிறது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனுக்கு வயது 15; அந்த வயதில் பதிவு செய்யவே முடியாது. திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியான பெற்றோர் உறுப்பு தானத்துக்குச் சரி என்றார்கள். போலீஸ் போக்குவரத்தை ஒதுக்கி வழி செய்துதர, அவனது இதயம் முகப்பேரில் உள்ள மருத்துவமனைக்குப் போய் ஒரு சிறுமியைப் பிழைக்க வைத்தது. எந்த அட்டையும் இல்லாமல் நடந்தது அது. அட்டை இருந்தும் வீட்டார் மறுத்தால் நடைமுறையில் உறுப்புகளை எடுப்பதில்லை.

அவர்கள் ஏன் தயங்குவார்கள் என்று யோசியுங்கள். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு விபத்து, தலையில் அடி, ஐசியூ. கையைத் தொட்டால் சூடு இருக்கும். வென்டிலேட்டரால் நெஞ்சு ஏறி இறங்கும். அந்த நிலையில் வந்து “மூளைச்சாவு” என்றால் யார் நம்புவார்கள்? அதனால்தான் சட்டம் கறாராக இருக்கிறது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. பிறகுதான் வீட்டாரிடம் கேட்பார்கள். “அப்பா எங்களிடம் சொல்லியிருக்கிறார்” என்று பிள்ளைகள் சொன்னால் பேச்சு அங்கேயே முடியும். இல்லையென்றால் ஒரு பெரியப்பா “வேண்டாம்ப்பா” என்றாலே போதும், எல்லாம் நின்றுபோகும்.

விபத்து என்றால் போஸ்ட்மார்ட்டம் உண்டு. அதனால் தானம் தடைபடாது. உடல் கைக்கு வர நேரமாகும், அவ்வளவுதான். உங்கள் ஊரிலேயே சிஎல்சி ஒர்க்ஸ் ரோட்டில் உள்ள ரேலா மருத்துவமனையில் கல்லீரல் மாற்று சிகிச்சை நடக்கிறது. ஆனால் இன்னாருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்க முடியாது; காத்திருப்போர் பட்டியலைப் பார்த்து டிரான்ஸ்டான் ஒதுக்கும். பணம் கைமாறினால் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார்.

இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் மூளைச்சாவில்தான் பெரும்பாலும் கிடைக்கும். நம்மில் பலரும் வீட்டிலேயே கண்மூடுகிறோம். அப்போது கண்ணைத் தரலாம், ஆனால் 6 மணி நேரத்துக்குள். 104க்கு போன் செய்தால் கண் வங்கிக்குச் சொல்வார்கள். குழு வீட்டுக்கே வரும். அதுவரை செய்ய வேண்டியவை: இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசி இருந்தால் போடுங்கள், டாக்டரை வரவழைத்து இறப்புச் சான்று வாங்குங்கள். எடுத்த பிறகு முகம் விகாரமாகத் தெரியாது.

முழு உடல் தானம் வேறு. அதற்கு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் தனியாகப் பதிய வேண்டும். உறுப்புகள் எடுத்த உடலையும் போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும் பொதுவாக ஏற்க மாட்டார்கள். கண் மட்டும் எடுத்திருந்தால் ஏற்பார்கள்.

இனி உங்கள் வீட்டு நிலவரம். டல்லாஸிலிருந்து மகன் வந்துசேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஃப்ரீசர் பாக்ஸ் வைத்துக் காத்திருப்போம், கண் காத்திருக்காது. பக்கத்தில் இருக்கும் உங்கள் மனைவி சம்மதித்தாலே போதும். ஆனால் “பையன் வரட்டும், அவனைக் கேட்காமல் எப்படி?” என்ற தயக்கம் அவருக்கு வரும். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகனையும் மகளையும் சேர்த்து வைத்து, மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “நான் பதிந்துவிட்டேன். அந்த நேரத்தில் அம்மா சரி என்று சொன்னால் போதும், உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.” 104 என்ற எண்ணைப் பக்கத்து ஃபிளாட்காரரிடமும் கொடுத்து வையுங்கள். அன்று போன் செய்யப்போவது பெரும்பாலும் அவர்தான்.