வெள்ளக்கடையில் வினாடியைப் பிடிக்க

வானொலிக் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கணினியின் சீரியல் போர்ட்டில் மாட்டலாமா என்று கேட்பவர்களிடம், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஜெர்மனியின் மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் டிசிஎஃப்77 அலையை ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் வரைதான் நம்பலாம். இங்கிலாந்து, ஜப்பான் நிலையங்களும் சேர்வராயன் மலையிலுள்ள எங்கள் வெள்ளக்கடைக்கு எட்டாத் தொலைவில் இருக்கின்றன. இந்தியாவில் அத்தகைய நெட்டலை நிலையமே இல்லை. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏடிஏ என்ற அழைப்புக்குறியில் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் சிற்றலைகளில் நேரம் ஒலிபரப்பி வந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். சாதாரண சிற்றலை ரேடியோ வைத்திருந்த பள்ளி மாணவனுக்குக்கூட அணுக்கடிகாரத்தின் நேரம் கிடைத்த காலம் அது. அந்த இழப்பு பெரியது.

மிஞ்சியிருப்பது ஜிபிஎஸ். நிலவு ஒரு விண்மீனை மறைக்கும் கணத்தைப் பதிவு செய்வது எனக்குப் பிடித்த வேலை. நிலவு தன் பாதையில் வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. என் கடிகாரம் பத்தில் ஒரு வினாடி பிசகினால், அங்கே நூறு மீட்டர் பிசகும்.

ஜிபிஎஸ் ரிசீவர் சீரியல் கம்பியில் அனுப்பும் வரியில் மணி, நிமிடம், வினாடி எல்லாம் இருக்கும். ஆனால் அந்த வரியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. 4800 பாட் வேகத்தில் எழுபது எழுத்து வந்து முடியவே கிட்டத்தட்ட 150 மில்லிவினாடி ஆகும். வரி எப்போது கிளம்பும் என்பதும் ஒரே சீராக இருக்காது. அது எந்த வினாடி என்று சொல்ல மட்டும்தான் உதவும். வினாடி எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வது, வினாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும் பிபிஎஸ் என்ற தனிக் கம்பி. அதை ஒன்பது பின் போர்ட்டின் முதல் பின்னில், அதாவது டிசிடியில் கொடுக்க வேண்டும். இந்த ஒரு கம்பி இல்லாத ரிசீவரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ரிசீவர் மாட்யூல் தருவது 3.3 வோல்ட். சீரியல் போர்ட்டுக்கு நேர், எதிர் என இரண்டு மின்னழுத்தமும் வேண்டும் என்பதால் இடையில் மேக்ஸ்3232 சிப் போடுகிறோம். பலர் தடுமாறுவது இங்கேதான். அந்தச் சிப் சிக்னலைத் தலைகீழாக்கும். வினாடி தொடங்கும் ஏற்றம் போர்ட்டுக்கு இறக்கமாக வந்து சேரும். மென்பொருள் ஏற்றத்தையே எதிர்பார்த்திருந்தால், துடிப்பு முடியும் இடத்தை வினாடியின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். பல மாட்யூல்களில் துடிப்பின் நீளம் 100 மில்லிவினாடி, அத்தனையும் பிழையாகிவிடும். எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இணைய நேர சர்வரோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். நூறு மில்லிவினாடியை ஒட்டிய வித்தியாசம் தெரிந்தால், மென்பொருள் அமைப்பில் ஏற்றத்துக்குப் பதில் இறக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

யுஎஸ்பி மாற்றி வேண்டாம். யுஎஸ்பியில் கணினிதான் முறைவைத்துக் கேட்கும். சாதாரண மாற்றியில் அந்த முறை ஒரு மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் வரும். மதர்போர்டிலேயே சீரியல் போர்ட் உள்ள பழைய கணினியில் லினக்ஸ் போட்டால் பிழை சில மைக்ரோவினாடிக்குள் நிற்கும்.

எங்கள் பக்கம் காபித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் ஆன்டெனாவுக்குப் பகை. நனைந்த இலை சிக்னலை நன்றாகவே குறைக்கும். மூடுபனி அப்படியில்லை, அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. வானம் திறந்து தெரியும் மொட்டை மாடியே நல்ல இடம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் வைத்து எர்த் கொடுத்துவிடுங்கள். கோடை இடி கேட்கத் தொடங்கினால் கேபிளைக் கழற்றிவிடுவதுதான் என் வழக்கம்.

மின்சாரம் போய் வந்தபின் உடனே பதிவு தொடங்காதீர்கள். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2017 முதல் 18 வினாடி முன்னால் ஓடுகிறது. அந்தக் கணக்கு செயற்கைக்கோள் செய்தியில்தான் வரும். முழுச் செய்தியும் வர பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை சில ரிசீவர்கள் ஓரிரு வினாடி தவறாகச் சொல்லும்.

பழைய ரிசீவர் வாங்குகிறவர்கள் தேதியையும் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். தேதி மட்டும் பத்தொன்பதரை ஆண்டு பின்னால் இருந்தால் ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டாம். பிபிஎஸ் துடிப்பு அப்போதும் சரியாகவே வரும். 1024 வாரத்தை மென்பொருளில் கூட்டிக்கொள்ளலாம்.