நான்கு பலகைக்கு ஒரு தொடக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

மாரண்டஹள்ளியிலிருந்து நான்கு பேர் ஓர் அணியாகச் சதுரங்கப் போட்டிக்குப் போகிறீர்கள். நால்வரும் ஒரே ஓப்பனிங்கை மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதுமா என்பது இருக்கட்டும், அது தேவையே இல்லை என்பேன். அணியாக உட்கார்ந்து ஆட்டத்தின் தொடக்கத்தைத் திட்டமிடுவதென்றால், எதிராளியை எந்த மாதிரி நிலைக்குள் இழுப்பது, அந்த நிலையில் நம்மில் யார் துணிந்து ஏறுவது, யார் அசையாமல் நிற்பது என்று பேசி முடிவெடுப்பது. நகர்வுகள் அதற்கு அப்புறம் வருகிற சமாசாரம்.

2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் விஸ்வநாதன் ஆனந்தும் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்கும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். பலகை முன் உட்கார்ந்தவர் ஆனந்த் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் பீட்டர் ஹெய்னே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், சூர்ய சேகர் கங்குலி, ரடோஸ்லாவ் வொய்தாஷெக் என்று நான்கு பேர் மாதக்கணக்கில் உழைத்திருந்தார்கள். கிராம்னிக்கின் பலம் ஊரறிந்தது: ராணிகள் வெட்டுப்பட்ட அமைதியான நிலையில் கடுகளவு சாதகம் கிடைத்தாலும் விடாமல் கசக்கிப் பிழிவார். அவரை அங்கே போகவிடக் கூடாது என்பதுதான் ஆனந்த் அணியின் திட்டம் என்பது ஆட்டங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை நகர்த்தியே பேர் வாங்கிய ஆனந்த், வெள்ளைக் காய்களோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே ராணியின் சிப்பாயைத் தள்ளினார். எதிர்த்தரப்பு பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த தயாரிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு நகர்வில் பயனற்றுப் போனது. மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்கள். செமி ஸ்லாவ் என்ற ஓப்பனிங்கின் மெரான் வகையில், ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தாமல், ஒரு சிப்பாய் போனால் போகட்டும் என்று 14-வது நகர்வில் மந்திரியை பி7 கட்டத்தில் வைத்தார், வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே பாதையில் திரும்பவும் வந்தார். இடையில் வீட்டுப்பாடம் செய்திருப்பார் அல்லவா? அதற்குள் போகாமல் ஆனந்தே 15-வது நகர்வை மாற்றினார். திரும்பவும் வெற்றி. 6½-க்கு 4½ என்ற கணக்கில் பட்டம் ஆனந்திடமே நின்றது. இதில் கவனிக்க வேண்டியது பி7 மந்திரியை அல்ல. எதிராளிக்குப் பிடிக்காத இடம் எது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அங்கே போக ஒன்றுக்கு இரண்டு வழி வைத்திருந்தார்களே, அதைத்தான்.

சுற்றிவளைத்து நானும் மனப்பாடத்தைத்தானே சொல்கிறேன், ஆனந்த் நகர்வுகளை நினைவில் வைத்திருக்கவில்லையா என்று நீ கேட்கலாம். வைத்திருந்தார். அது கைவிடும் நாளும் உண்டு. 2010-இல் சோஃபியாவில் வெசலின் தோபலோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், வீட்டில் பார்த்துவைத்த வரிசை பலகை முன் குழம்பிப்போக, 30 நகர்வுகளில் தோற்றார். உலகச் சாம்பியனுக்கே அப்படி என்றால் உன்னைப் போன்ற பத்தாம் வகுப்புக்காரனுக்குச் சொல்லவா வேண்டும். ஆனந்த் அடுத்த ஆட்டத்திலேயே வென்று சமன்செய்தார். கடைசியில் 6½-5½ என்று பட்டத்தையும் தக்கவைத்தார். நகர்வு மறந்தாலும் காரணம் மறக்காத அளவுக்குத் தயாரிப்பு இருக்க வேண்டும். இந்தக் குதிரை ஏன் இங்கே வருகிறது என்று உன் அணித்தோழனுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், அந்த நகர்வை உன் நோட்டிலிருந்து அடித்துவிடு.

இதெல்லாம் ஒருவருக்காகப் பலர் உழைத்த கதை. நீங்கள் போவது நான்கு பலகைப் போட்டிக்கு. அங்கே கணக்கே வேறு. முதல் பலகையிலும் மூன்றாம் பலகையிலும் ஒரு நிறம், மற்ற இரண்டிலும் இன்னொரு நிறம். நான்கு புள்ளியில் இரண்டரை எடுத்தால் அணி வென்றது. நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாட்டில் இரண்டரை எடுத்து வென்றாலும் 4-0 என்று வென்றாலும் அதே இரண்டு அணிப்புள்ளிதான். ஆகவே நால்வரும் வெறியோடு வெற்றிக்கு ஆட வேண்டிய அவசியமே இல்லை. 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடந்த ஒலிம்பியாட்டின் ஓப்பன் பிரிவில் இந்திய அணி 22-க்கு 21 அணிப்புள்ளிகளோடு தங்கம் வென்றது. சீனாவை அவர்கள் வென்ற சுற்றை எடுத்துப் பார்: மூன்று பலகை டிரா, குகேஷ் மட்டும் வெய் யீயை வென்றார். இரண்டரைக்கு ஒன்றரை. மூன்று பேர் கதவை இறுகச் சாத்திக்கொண்டதும் அந்த வெற்றியில் சேர்த்திதான். இன்னொன்றையும் பார். அந்த அணியிலேயே அதிக ரேட்டிங் அர்ஜுன் எரிகைசிக்கு. அவரை உட்கார வைத்ததோ மூன்றாம் பலகையில். முதல் பலகை குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு. பலகை வரிசையைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. சென்னைக்காரரான கேப்டன் ஸ்ரீநாத் நாராயணனின் அணிக்கு அந்த வரிசை என்ன தந்தது? அர்ஜுன் 11-க்கு 10, குகேஷ் 10-க்கு 9, இருவருக்கும் தனிநபர் தங்கம். ஒரு காய்கூட நகரும் முன் எடுத்த முடிவு அது. அணி ஆட்டத்தின் உண்மையான ஓப்பனிங் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்படி ஆளுக்கொரு வேலை கொடுத்தால் அவரவர் ஆட்டம் செத்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. பெரும்பாலும் சாகாது, ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடித்து ஆடுவதே சுபாவமான பையனிடம் டிரா எடுத்துக் கொடு என்று கேட்டால் அவன் இரண்டையும் கெடுப்பான். சுபாவத்தைப் பார்த்து வேலை கொடுக்க வேண்டும், வேலையைப் பார்த்துச் சுபாவத்தை வளைக்கக் கூடாது.

எங்களுக்கு ஏது நான்கு கிராண்ட்மாஸ்டர், ஏது பெரிய கம்ப்யூட்டர் என்பது அடுத்த முறையீடாக இருக்கும். கம்ப்யூட்டர் இன்று ஒரு செல்போனுக்குள் இலவசமாக இருக்கிறது. எல்லோரிடமும் இருப்பதாலேயே அது தனிச் சாதகமாக இல்லாமல் போனது. சிறந்த நகர்வு எது என்று அது சொல்லும். உன் மூன்றாம் பலகைக்காரனுக்கு எந்த நிலை கைவரும் என்று சொல்லாது. கம்ப்யூட்டர் இல்லாமலே தொடக்கத்தை யோசிக்க நம் பக்கத்துத் திண்ணைகளிலும் கோயில் கற்களிலும் கீறிவைத்த ஆடுபுலி ஆட்டமே நல்ல பயிற்சி. மூன்று புலி, பதினைந்து ஆடு. வழக்கமான விதிப்படி பதினைந்தையும் இறக்கி முடிக்கும் வரை இறக்கிய ஆட்டை நகர்த்த முடியாது. பின்னால் இடம் காலியாக இருக்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். அதனால் விவரமானவர்கள் தாண்டவே முடியாத ஓரங்களில் முதலில் இறக்கி, பிறகு ஒன்றுக்கு ஒன்று முதுகு கொடுத்து உள்ளே வருவார்கள். பத்தாவது ஆட்டை இறக்கும்போதே ஆட்டம் யார் பக்கம் என்று ஓரளவு தெரிந்துவிடும். எந்த வரிசையையும் ஒப்பிக்காமல், வடிவத்தை மட்டும் வைத்து நடக்கிற திட்டம் அது.

உங்கள் நால்வருக்கும் நீங்களேதான் உதவியாளர்கள். ராஜாவின் சிப்பாய் நகர்ந்தால் கறுப்புக்கு என்ன பதில் என்பதை ஒருவன் பார்க்கட்டும், ராணியின் சிப்பாய்க்கு இன்னொருவன். வெள்ளைக்கு ஒரே ஒரு முறையை மற்ற இருவரும் எடுத்துக்கொள்ளட்டும். வாரம் ஒருமுறை ஒருவன் சொல்லிக்கொடுக்க மற்ற மூவரும் அதை உடைக்கப் பாருங்கள். உடைந்தால் போட்டிக்கு முன்பே உடைந்ததற்குச் சந்தோஷப்படுங்கள். பலகை வரிசையைக் கடைசியில் எழுதுங்கள், ரேட்டிங்கையோ வயதையோ பார்த்து எழுதாதீர்கள். டிரா கேட்கலாமா, ஏற்கலாமா, தோல்வியை ஒப்புக்கொள்ளலாமா என்பதில் மட்டும் ஒலிம்பியாட் போன்ற அணிப் போட்டிகளில் கேப்டன் யோசனை சொல்ல விதி இடம் தருகிறது. நிலையைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது. நீங்கள் போகும் போட்டியில் அது உண்டா என்று முதல் சுற்றுக்கு முன்பே நடுவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்