இத்தாலி மொழி கற்கப் போகும் பிள்ளைகளுக்கு

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். தோட்டத்தை விட்டு வந்த பிறகு அம்மா ஈப்போ மார்க்கெட்டில் கீரை விற்றார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கீரைக் கட்டை நீட்டி, 'யாட், யீ, சாம்' என்று வெள்ளியை எண்ணி வாங்கியே கண்டோனீஸ் பேசப் பழகினார். பின்னாளில் கப்பல் வேலையில் நான் இத்தாலி மொழி கற்றபோது அம்மாவின் வழிதான் கைகொடுத்தது. மேற்படிப்புக்கு இத்தாலி போகும் பிள்ளைகள் 'எந்த வகுப்பில் சேரலாம், தாத்தா?' என்று கேட்கிறீர்கள். அதற்குமுன் சில சொல்கிறேன்.

1. ஆங்கிலம் வழியே சுற்றிக்கொண்டு போகாதீர்கள். ஆங்கிலப் பாடநூலோடு நான் ஆறு மாதம் மல்லுக்கட்டினேன்; ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை. தமிழை வைத்துப் பார்த்த அன்றுதான் விளங்கியது. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள் என்று நாம் சொல்வதுபோல் அங்கே பார்லோ, பார்லி, பார்லா. யார் பேசுவது என்பதை வினையின் முடிவே காட்டிவிடும். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பெரியவரிடம் 'தூ' என்று பேசக் கூடாது, 'லேய்' என்றுதான் பேச வேண்டும். நீ, நீங்கள் அறிந்த பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

2. இரட்டித்து வரும் மெய்யெழுத்தை அழுத்திச் சொல்லுங்கள். 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து. படம், பட்டம் என்று சொல்லி வளர்ந்த காதுக்கு இது எளிது.

3. மலாய் படித்த கண் ஓரிடத்தில் ஏமாற்றும். மலாயில் 'சாவான்' (கோப்பை) என்று எழுதும்போது வரும் அந்த 'சி' (c) எழுத்தை இத்தாலியில் ஆ, ஓ, ஊ எல்லாவற்றோடும் 'ச' என்று வாசித்துவிடாதீர்கள். அதன்பின் இ, எ வந்தால் மட்டுமே 'ச', மற்றபடி 'க'. வீட்டுக்கு அவர்கள் சொல் 'காஸா'. அதை 'சாசா' என்று வாசித்து நான் தலைகுனிந்திருக்கிறேன்.

4. பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அங்கே புத்தகம் ஆண்பால், வீடு பெண்பால். 'இல் லீப்ரோ', 'லா காஸா' என்று முன்சொல்லோடு சேர்த்தே வாயில் ஏற்றுங்கள். இதில் தமிழும் உதவாது, மலாயும் உதவாது, உழைப்புதான்.

5. வீரமாமுனிவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்தவர், முப்பது வயதில் இந்தியா வந்து, நம் மொழியைக் கற்று, தேம்பாவணி பாடினார். பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம், செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் என்று தனித்தனியே எழுதினார். 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். தெருப் பேச்சையும் ஏட்டு மொழியையும் அவர் ஒருசேரக் கற்றார். நீங்களும் கடைக்காரர் பேச்சைக் கேளுங்கள், நாளிதழையும் வாசியுங்கள். கேட்ட சொல்லை உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

6. சான்றிதழ் தேவையென்றால் சியெனாவில் உள்ள வெளிநாட்டினருக்கான பல்கலைக்கழகத்தின் 'சில்ஸ்' தேர்வு இருக்கிறது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். அதற்கு அவசரமில்லை.

வகுப்பை நாளைக்குத் தேடலாம். இன்றிரவு பத்து வெள்ளித் தாள்களைக் கையில் எடுத்து, 'ஊனோ, தூவே, த்ரே' என்று வாய்விட்டு எண்ணுங்கள்.