தெளிந்த நீர் மட்டும் போதாது: நகர ஓடைகளின் நலம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நீர் தெளிவாக ஓடினால் ஓடை நலமாக இருக்கிறது என்னும் நம்பிக்கை நகரங்களில் பரவலானது. ஆனால் பூச்சிக்கொல்லியும் கன உலோகமும் கரைந்த நீர் தெளிவாகவே இருக்கக்கூடும். மழைக்காலத்தில் வண்டல் சுமந்து கலங்கி ஓடும் ஓடையில் உயிரினங்கள் செழித்திருக்கவும் கூடும். சாலையை அகற்றி மீட்கப்பட்டு 2005இல் திறக்கப்பட்ட சியோல் நகரின் சோங்கியேசோன் ஓடை அழகிய பொதுவெளி என்பதில் ஐயமில்லை. எனினும் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுவதால், அதன் தெளிவை இயற்கை ஓடையின் நலத்துக்கு அளவுகோலாகக் கொள்ள இயலாது.

மீன் இருந்தால் போதும் என்பதும் தவறு. கப்பி, கம்பூசியா போன்ற அயல் மீன்கள் நீர்ப்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தின் ஆக்சிஜனைக் கொண்டே சாக்கடையிலும் பிழைத்துவிடும். ஆகவேதான் அமெரிக்க உயிரியலாளர் ஜேம்ஸ் கார் 1981இல் முன்வைத்த உயிரின ஒருமைப்பாட்டுக் குறியீடு, மீன்களின் எண்ணிக்கையோடு நில்லாமல், எத்தனை இனங்கள், அவை எதைத் தின்பவை, மாசைத் தாங்குபவை எவ்வளவு, நோயுற்றவை எவ்வளவு என்பன உள்ளிட்ட 12 கூறுகளை மதிப்பிட்டது.

ஆய்வகத்துக்கு ஒரு புட்டி நீர் அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும் என்னும் நம்பிக்கையே இவற்றுள் மிகுந்த தீங்கு விளைவிப்பது. பாசி மண்டிய நீரில் ஒளிச்சேர்க்கையால் நண்பகலில் ஏறும் ஆக்சிஜன், இரவு முழுதும் எல்லா உயிர்களும் சுவாசிப்பதால் விடியலுக்குச் சற்று முன் மிகத் தாழ்ந்துவிடுகிறது. அலுவலக நேரத்தில் எடுக்கப்படும் மாதிரி அந்த நெருக்கடியைக் காட்டுவதில்லை. ஓடைத்தரையில் வாழும் சிற்றுயிர்களோ பல வாரங்களின் நிலையைத் தம் இருப்பாலேயே பதிவு செய்கின்றன. ஓடைக்கல்லைப் புரட்டினால், வயிற்றின் இருபுறமும் செவுள்கள் அசையும் மேஃபிளை இளவுயிரிகள் பல வகையாகத் தென்படும் இடத்தில் நீர் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். மீன் தொட்டிக்குத் தீனியாக விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள் தலையைச் சேற்றில் புதைத்து வாலை நீரில் அசைத்தபடி கொத்துக்கொத்தாக நின்று, உடன் வேறு உயிர் இல்லையெனில், ஆக்சிஜன் நெடுநாளாகவே குன்றியிருக்கிறது எனக் கொள்ளலாம். பிரிட்டனில் உருவான மதிப்பெண் முறை இத்தகைய உயிர்க் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. அதை மாற்றமின்றித் தமிழகத்தின் பருவமழை ஆறுகளுக்குப் பொருத்துவது பிழை. இங்குள்ள கேடுறாத ஓர் ஓடைப்பகுதியே ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வேண்டும்.

கழிவுநீரைத் தடுத்தால் ஓடை தானே மீளும் என்பது பாதி உண்மை. தார்ச்சாலையும் கான்கிரீட்டும் மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் வடிகால் வழியே ஒரே வீச்சில் ஓடைக்குள் தள்ளுவதால் ஓடைத்தரை அரிக்கப்பட்டு, சிற்றுயிர்களின் இருப்பிடம் அழிகிறது. சென்னையின் கூவத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு: துறைமுகக் கட்டுமானத்தால் அதன் தென்புறம் மணல் சேர, ஆற்றின் முகத்துவாரம் அடைபட்டு, கடல் ஏற்றநீர் உள்ளே வந்து கழுவிச் செல்வது தடைப்படுகிறது. முகத்துவாரம் அடைபட்டிருந்த நாளின் அளவீட்டையும் திறந்திருந்த நாளின் அளவீட்டையும் கலந்து ஒரே சராசரியாகத் தரும் அறிக்கை, கூவத்தின் இரு வேறு நிலைகளில் ஒன்றைக்கூடக் காட்டாது.