பில் போடும் மென்பொருளுக்கு எந்த உரிமம்?

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, வெண்ணந்தூரில் எங்கள் நூல் மொத்தக்கடையின் பில் மென்பொருள் பயன்படாமல் போயிற்று. எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டிருந்தார். வேறொருவரை அழைத்தோம். "மூலநிரல் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. இரண்டு மாதம் கையால் பில் எழுதினோம்.

இப்போது வணிகர்கள் சிலர் சேர்ந்து, இருப்பும் பாக்கியும் பார்க்கும் மென்பொருளை இளைஞர்களைக் கொண்டு எழுதி, மூலநிரலோடு எல்லோருக்கும் தரலாம் என்று பேசி வருகிறோம். இணையத்தில் போட்டுவிட்டால் போதும் என்பது தவறு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. உரிமம் எழுதித் தராதவரை பிறர் அதை நகலெடுத்து மாற்ற இயலாது.

உரிமத்தில் எம்.ஐ.டி. வகை தாராளமானது. உரியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்தால் போதும். மாற்றியதை மூடி வைத்தும் விற்கலாம். ஜி.பி.எல். அப்படியன்று. மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால், மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். காசு வாங்கத் தடையில்லை. (ஓசி என்றே நம்மவர்கள் நினைக்கிறார்கள்!)

மும்பை ஃப்ராப்பே நிறுவனத்தார் இரண்டையும் கையாள்கிறார்கள். அடித்தளமான 'ஃப்ராப்பே' எம்.ஐ.டி.; அதன்மேல் கட்டிய கணக்கு, சரக்கு மென்பொருளான 'ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்' ஜி.பி.எல். பதிப்பு 3.

கடை ரகசியம் வெளியே போகுமே என்று அஞ்ச வேண்டாம். சொந்தக் கடைக்கு மட்டும் மாற்றிக்கொண்டால் ஜி.பி.எல். எதையும் வெளியிடச் சொல்வதில்லை. பேரேடு, கொள்முதல் விலை, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை உரிமத்துக்குள் வருவதே இல்லை.

ஆனால் ஓர் ஓட்டை உண்டு. ஒருவர் நமது மென்பொருளை மாற்றித் தன் கணினியிலேயே வைத்து, இணையவழி மாத வாடகைக்கு விட்டால், அது 'கொடுத்தது' ஆகாது. மூலநிரல் தர வேண்டியதில்லை. 2007-இல் வந்த ஏ.ஜி.பி.எல். பதிப்பு 3 அதை அடைக்கிறது. பில் மென்பொருளுக்கு இதுவே ஏற்றது என்பது எங்கள் கருத்து. பட்ட அடி அப்படி! ரூபாய்த் தொகையைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவது போன்ற சிறு நிரல்களுக்கு எம்.ஐ.டி. போதும். பெரிய கம்பெனிக்காரர்களும் சேர்த்துக்கொள்ளட்டும். தமிழில் பில் வந்தால் நமக்கு நல்லதுதானே.

இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பலர் கைபட்ட பிறகு உரிமத்தை மாற்ற, எழுதிய ஒவ்வொருவரின் சம்மதமும் தேவைப்படும். கூலி கொடுத்ததாலேயே நிரல் நமதாகிவிடாது. சம்பள ஆளாக இல்லாத ஒருவர் எழுதினால், எழுத்து மூலம் மாற்றித் தராதவரை பதிப்புரிமை பொதுவாக அவருடையதே. ஆகவே, முன்பணம் கொடுக்கும் அன்றே பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.