அறநெறி வகுப்பும் குழப்படிப் பிள்ளையும்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எமது ஆலய மடங்களிலும் மண்டபங்களிலும் நடைபெறும் அறநெறி வகுப்புக்களுக்கு, அண்ணன்மார் அக்காமாரின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு, ஐந்து வயதுச் சிறார்களும் வருகின்றனர். வந்து சிறிது நேரத்திலேயே ஒருவர் பக்கத்துப் பிள்ளையின் பின்னலை இழுப்பார், இன்னொருவர் எழுந்து கிணற்றடிக்கு ஓடுவார். “இவன் சரியான குழப்படி, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்” என்று கூறித் தாயார் பிள்ளையை மறித்துவிடுகின்றார். அந்த இரண்டு வருடம் முடியும்போது பிள்ளைக்கு ரியூசன் வகுப்பு ஆரம்பமாகிவிடும். பின்னர் அப்பிள்ளை ஆலயத்துக்கு வருவது திருவிழாவுக்கு மாத்திரமே. ஆகையால் இதனைச் சிறிய விடயமென்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டியது, இந்த வயதில் ஓடியாடுவது பிள்ளையின் இயல்பு என்பதாகும். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைத் தொடர்ந்து கவனித்திருப்பது சில நிமிடங்களே. ஒரு மணித்தியாலம் வாய்மூடிச் சப்பாணி கட்டி இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரியவர்களின் பிழையேயன்றிப் பிள்ளையின் குற்றமன்று. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கின்றோம். வளைப்பவர் இளந்தடியையும் மெல்ல மெல்லத்தான் வளைக்கவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

சைவ உலகம் போற்றும் திருஞானசம்பந்தப் பெருமானின் வரலாற்றையே பாருங்கள். நீராடப் புறப்பட்ட தந்தையாரைத் தனியே போகவிடாமல், காலை உதைத்து அழுது பின்னால் சென்ற மூன்று வயதுக் குழந்தை அவர். அன்று அக்குழந்தையை வீட்டில் இருத்திவிட்டுத் தந்தையார் போயிருந்தால் சீர்காழிக் குளக்கரையில் நிகழ்ந்தது எதுவும் நிகழ்ந்திராது. அடம்பிடிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதில்தான் அந்த வரலாறே தொடங்குகின்றது.

எமது வழிபாட்டு முறையும் சும்மா இருந்து செய்வதாக அமையவில்லை. பிள்ளையார் முன் தலையிற் குட்டித் தோப்புக்கரணம் இடுகின்றோம். உள்வீதியை வலம் வருகின்றோம். சண்டேசுவரர் சந்நிதியில் கைதட்டுகின்றோம். கொடித்தம்பத்தின் முன் ஆண்கள் அட்டாங்கமாகவும் பெண்கள் பஞ்சாங்கமாகவும் விழுந்து வணங்குகின்றோம். உடம்பு முழுவதற்கும் வேலை இருக்கின்றது. எனவே வகுப்புத் தொடங்குமுன் சிறுவர்களை ஒருமுறை வீதிவலம் கூட்டிச்சென்று, தோப்புக்கரணமும் இடச்செய்து, அதன்பின் இருத்தினால் அவர்கள் அடங்கி இருப்பதைக் காணலாம். ஓட வேண்டிய கால்கள் ஓடி முடிந்துவிட்டன அல்லவா!

வீட்டிலும் பயிற்சி வேண்டும். மாலையில் விளக்கேற்றியதும் குடும்பத்தவர் எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரேயொரு தேவாரம் பாடுங்கள். அவ்வளவுதான், பிள்ளையை எழுந்துபோக விடுங்கள். அடுத்த கிழமை அதனோடு ஒரு திருவாசகம் சேருங்கள். இவ்வாறு கிழமைக்கொன்றாகத் திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் என்று கூட்டிக்கொண்டு போனால், ஐந்து கிழமையில் பஞ்சபுராணம் முடியும்வரை இருக்கும் பழக்கம் பிள்ளைக்கு வந்துவிடும். தகப்பனார் அந்நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருபோதும் நடவாது.

வகுப்பு நாளில் பசியோடு அனுப்பாதீர்கள். முதல்நாள் இரவு நேரத்துக்கு நித்திரைகொள்ளச் செய்யுங்கள். இறுக்கமான உடுப்பும் குளிர்ந்த சீமெந்து நிலமும் எந்தப் பிள்ளையையும் நெளியச் செய்யும், பாய் விரிக்க வேண்டும். வாசலுக்கு எதிரே இருத்தாமல் ஆசிரியரின் கைக்கெட்டும் தூரத்தில் இருத்துவது நல்லது. தாயார் சன்னலுக்கு வெளியே நின்று சைகை காட்டுவதை விட்டுவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

ஆசிரியர்களுக்கும் சில சொல்லவேண்டியுள்ளது. நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். அவர் பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லச் “சைவ வினாவிடை” என்று வினாவும் விடையுமாக நூல் எழுதினார். விடை கூறும்போது பிள்ளையின் வாய் பேசுகின்றது, மனம் விழித்திருக்கின்றது. நாமோ அதே நூலைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தெழுதச் சொல்கின்றோம்! எழுதத் தெரியாத பிள்ளை வேறு என்ன செய்யும்? சிறியவர்களுக்குப் பத்து நிமிடம் பாட்டு, பத்து நிமிடம் கதை, பிறகு படத்துக்கு வர்ணம் தீட்டுதல் என மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கண்ணப்பர் கதையை அம்பு கையிலிருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு “மிகுதி அடுத்த ஞாயிறு” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையே தாயை இழுத்துக்கொண்டு வரும்.

எங்கள் வகுப்பில் ஐந்து நிமிடம் இருக்காத சிறுவன் ஒருவன் இருந்தான். வகுப்புத் தொடங்கவும் முடியவும் மணி அடிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தோம். மணி தன் கையில் என்ற எண்ணத்தில் முடியும் நேரத்தைக் காத்து முன்வரிசையில் இருக்கத் தொடங்கினான். விபூதித் தட்டுப் பிடித்தல், பூ எடுத்துக் கொடுத்தல், பாய் சுருட்டுதல் என ஒவ்வொரு குழப்படிக்காரருக்கும் ஒரு பொறுப்பு ஆலயத்தில் உண்டு.

“சாமி கண்ணைக் குத்தும்” என்று வெருட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணப்பருக்காகக் கைநீட்டித் தடுத்த பெருமானைப் பற்றி உள்ளே கதை சொல்லிவிட்டு, வெளியே கண்ணைக் குத்துபவராகக் காட்டினால் பிள்ளை எதை நம்பும்? பிரம்பும், எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்துவதும் இவ்வாறானவையே. அவமானப்பட்ட பிள்ளை அடுத்த கிழமை வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடும்.

இவ்வளவு செய்தும், வீட்டிலும் முன்பள்ளியிலும் ஆலயத்திலும் ஒரேவிதமாக ஆறு மாதங்களுக்கு மேலாகப் பிள்ளை ஓரிடத்தில் நிலைகொள்ளாதிருந்தால், அல்லது பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதிருந்தால், அதனைக் குழப்படி என்று விட்டுவிடக் கூடாது. காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கவனமில்லாத பிள்ளைபோலவே தோன்றும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறினால், வைத்தியசாலையில் யாரிடம் காட்டுவது என்பதை அவர் சொல்வார். கண்ணூறு கழித்துப் பார்ப்பதானால் பாருங்கள், வைத்தியரிடம் போவதைப் பிற்போடாதீர்கள். அக்காலத்திலும் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புங்கள். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனாலும் போதும், வரவுப் பதிவில் அதற்கும் முழு வரவே இடப்படும்.