கல்லடியில் நிற்கும் கால்கள்

கேள்வி: 18 வருடமாக ஓட்டலில் தோசை மாஸ்டராக இருக்கிறேன். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. ராத்திரியில் கால் கனக்கிறது. வேலையை விட வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: விட வேண்டாம், நிற்கும் முறையை மாற்றுங்கள். நரம்பு என்று நீங்கள் சொல்வது சிரை, அசுத்த ரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றும் குழாய். ரத்தம் கீழே வழியாதபடி அதற்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. மேலே தள்ளும் பம்ப், கெண்டைக்கால் தசைதான். நடந்தால் அது இறுகித் தளரும். கல் முன்னால் அசையாமல் நின்றால் பம்ப் ஓய்ந்து ரத்தம் தேங்கும், சிரை விரியும், வால்வு மூடாது. அடுப்புச் சூடும் சிரையை விரிக்கும். நாளெல்லாம் நடக்கும் சர்வரைவிட உங்களுக்கே சிரமம் அதிகம் என்பேன்.

மாவு ஊற்றிவிட்டு தோசை சிவக்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். அழுத்தக் காலுறையை மருத்துவர் சொன்ன அளவில் வாங்கி, காலையில் வீக்கம் ஏறுமுன் மாட்டுங்கள். இரவில் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்திப் படுங்கள். டாப்ளர் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். கணுக்கால் தோல் கறுத்தாலோ புண் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டுமென்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. அடுப்படியில் நிற்பவர்களுக்கும் அது நியாயமே.